ஒன்பது தொட்டிகளும் ஒரு கத்திரிக்கோலும்

ஜூன் 9

மாடிக்காரிக்கு,

கீழ்வீட்டுக்காரி எழுதுவது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டாம், என் கையெழுத்துதான். போனில் பேசினால் நாம் எப்படிப் பேசுவோம் என்று போன மாதமே பார்த்தாகிவிட்டது. பாதியில் வைத்தது நீயா நானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. உங்கள் ஹோட்டலின் சலவை வண்டி வாரம் ஒருமுறை இங்கிருந்து உன் கிளைக்குப் போகிறதல்லவா, அந்த டிரைவர் என் கடையில்தான் பேன்ட் உயரம் குறைத்துக்கொள்கிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அண்ணனை நானும் தம்பியை நீயும் கட்டிக்கொண்டு, ஒரே படிக்கட்டில் ஆறு வருஷம் ஏறி இறங்கியிருக்கிறோம். பத்து மாத வேலைக்கு வெளியூர் கிளம்பினவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். போகட்டும். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். உன் ஒன்பது ஆர்க்கிட்டும் ஜன்னலோரம் பரிதாபமாக நின்றன. ஹோட்டலில் பூ கொட்டியதும் குப்பைக்குப் போவதை நீ ஏன் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் வீட்டில் இருப்பது வீட்டுப் பொருள். நாலு தடித்த இலை, அதற்குக் கீழே தொட்டியைத் தாண்டி எல்லாப் பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பிசிறு. பத்து வருஷமாக ஆல்டரேஷன் கடையில் உட்கார்ந்திருப்பவள் நான். தொங்குகிற நூலைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? ஒன்று விடாமல் ஒட்ட வெட்டிவிட்டேன். பிறகு அந்த அசிங்கமான பிளாஸ்டிக்கை மறைக்க, ஒவ்வொன்றையும் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் இறக்கி வைத்தேன். அடியில் ஓட்டையே கிடையாது, தரையில் ஒரு சொட்டு ஒழுகாது.

இப்போது பார்த்தால் தைத்து முடித்து இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கின்றன. நன்றி சொல்ல வேண்டாம்.

கீழ்வீட்டு அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

நாள் முழுக்க வரவேற்பு மேசையில் சிரித்த முகமாக நிற்பது என் வேலை. இன்றைக்கான சிரிப்பெல்லாம் தீர்ந்த பிறகு இதை எழுதுகிறேன்.

அது பிசிறு இல்லை, வேர். ஆர்க்கிட் மண்ணில் வளர்கிற செடி இல்லை. மரத்தில் தொற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் நீட்டிக்கொண்டு வாழ்கிற செடி. நீங்கள் வெட்டி எறிந்தது அதன் வாயையும் மூக்கையும். மிச்சமிருந்ததை ஓட்டை இல்லாத பாத்திரத்தில் முக்கிவிட்டீர்கள்.

உங்களிடம் சொல்லாமல் வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குத்தான். சொன்னால் அக்கறையோடு ஏதாவது செய்வீர்கள் என்று பயந்தேன். சொல்லாமலே செய்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மாதாமாதம் புது ஆர்க்கிட் வாங்கிப் பழையதைக் குப்பையில் போடுகிறோமே, அதையே திரும்பப் பூக்க வைக்கிறேன் என்று மேலாளரிடம் வாய்விட்டிருக்கிறேன். அவர் லேசில் நம்புகிற ஆளில்லை. "உன் வீட்டுல இருக்கிற ஒன்பதுல, மார்ச் மாசத்துக்குள்ள அஞ்சு பூக்கட்டும். நானே வந்து பார்க்கறேன். பூத்தா நம்ம ஊர் ஹோட்டல் செடியெல்லாம் உன் பொறுப்பு. இல்லேன்னா இந்தக் கிளையிலேயே மேசையைப் பார்த்துக்க" என்றார். புரிகிறதா? ஐந்து பூத்தால் நான் வீட்டுக்கு வருவேன். பூக்காவிட்டால் என் வீட்டுக்காரரும் வேலையை மாற்றிக்கொண்டு இங்கே வந்துவிடுவதாகப் பேச்சு. மாடி காலியாகும். உங்களுக்கு அதுதான் வசதி என்றால் வாழ்த்துகள்.

இனிமேல் தயவுசெய்து எதையும் தொடாதீர்கள்.

மாடி


ஜூலை 12

மாடிக்காரிக்கு,

தொடாதே என்றாய். இருபத்தாறு நாள் தொடவில்லை. தொடாமலே சாகின்றன.

உன் புருஷன் தினமும் காலையில் டீ குடித்த டம்ளரைக் கழுவி, அதே டம்ளரால் ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றுகிறான். கேட்டால், "பாவம் அண்ணி, தாகமா இருக்கும்" என்கிறான். கொழுந்தன் நல்லவன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லவன் கையில் ஆர்க்கிட்டைக் கொடுக்கக் கூடாது போலிருக்கிறது.

மாடிக் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன காகிதத்தையும் இப்போதுதான் பார்த்தேன், அன்றைக்குக் கதவு திறந்தே கிடந்ததால் கண்ணில் படவில்லை. "கீழே இருந்து யாரும் செடியைத் தொட வேண்டாம்." கீழே இருப்பவர்கள் இரண்டு பேர். உன் மூத்தார் செருப்பு மாட்டக்கூடக் குனியாத மனுஷன். ஆக அந்த யாரும் நான்தான். அதைப் படித்துவிட்டுப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் கடிதத்தில் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதியது பொய். வைத்துக்கொண்டேன். நீ சொல்லாமல் போன கோபத்தில்தான், உன் செடியை உன்னைவிட அழகாக வைத்துக் காட்டுகிறேன் என்று கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு செடி முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஒன்று கையால் தொட்டதும் ஆடியது. நேற்று உன் பேச்சை மீறி அதைத் தொட்டியிலிருந்து உருவினேன். வேருக்கு நடுவில், எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வலைக்கூடை. அதற்குள் ஈரப் பாசி நாற்றமடிக்கிறது. கூடையைச் சுற்றி இருக்கும் வேரெல்லாம் கூழ். இது நான் வைத்தது இல்லை. நான் வெட்டியது வெளியில் இருந்ததை மட்டும்.

இந்தக் கூடை அங்கே இருக்க வேண்டியதா? ஆம், இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

யாரும்


ஜூலை 18

அக்காவுக்கு,

இருக்கக் கூடாது.

அது செடி குட்டியாக இருந்தபோது நர்சரியில் வளர்த்த கூடை. வளர்ந்த பிறகும் யாரும் கழற்றுவதில்லை. அப்படியே பெரிய தொட்டியில் வைத்து, சுற்றிப் பாசியைத் திணித்துக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மேலே காய்ந்து தெரியும், நடுவில் ஊறிக்கொண்டே இருக்கும். ஒன்பதிலும் இருக்கும். ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் நான் கழற்றியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆக, முழுப் பழியும் உங்கள்மேல் இல்லை. பாதிக்குமேல் உங்கள்மேல்தான், ஆனால் முழுக்க இல்லை.

காகிதத்தில் எழுதியது தப்பு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிட்ட மாதிரி நடிப்பேன்.

இனி நான் எழுதுவதை அப்படியே செய்யுங்கள். ஒன்பதையும் வெளியே எடுங்கள். பாசியை விரலால் உதிர்த்துவிட்டு, கூடையைப் பக்கவாட்டில் வெட்டிப் பிரித்தெடுங்கள். இழுத்துப் பிடுங்க வேண்டாம். வேரைக் கழுவிவிட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர். பழுப்பாக இருந்தாலும் கெட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள். கொழகொழவென்றோ காகிதம் போலவோ இருந்தால் மெதுவாக இழுங்கள். தோல் கழன்று வந்து நடுவில் ஒரு நூல் மட்டும் நிற்கும். அதுதான் செத்த வேர். அக்கா, அந்த நூலை நீங்கள் வெட்டலாம். ஆசைதீர வெட்டுங்கள்.

ஒவ்வொரு செடிக்கும் கத்திரிக்கோலை நெருப்பில் காட்டித் துடைக்க வேண்டும். வெட்டின வாயில் மட்டும் லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வையுங்கள். நல்ல வேரில் பட்டால் அது காய்ந்துபோகும். பரணில் ஒரு மூட்டை மரப்பட்டைத் துண்டும் கரியும் வைத்திருக்கிறேன், பாசிக்குப் பதில் அதைப் போட்டு நடுங்கள். வெளிச்சம் உள்ளே போகிற மாதிரி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி, நிறைய ஓட்டை. ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. அதற்குப் பிறகு, வேர் வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்து வடியவிடுங்கள். பச்சையாக இருந்தால் சும்மா இருங்கள். இதில் மிகவும் கஷ்டமானது அந்தச் சும்மா இருப்பதுதான். அவரிடமிருந்து டீ டம்ளரைப் பிடுங்கிவிடுங்கள்.

முழுக்க மஞ்சளானவற்றை எறிந்துவிடுங்கள்.

மாடி


ஆகஸ்ட் 2

மாடிக்காரிக்கு,

அறிக்கை வருகிறது, உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. தையல் மேசையில் பழைய போர்வையை விரித்து, ஒன்பதையும் வரிசையாகப் படுக்கப் போட்டேன். உன் மூத்தார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போனார். ஒவ்வொரு வேரையும் அழுத்திப் பார்த்தேன். இந்த விரலுக்குத் துணியைத் தொட்டாலே பருத்தியா கலப்பா என்று தெரியும், வேர் தெரியாதா? நீ சொன்னபடியே தோல் கழன்று நூல் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! ஒன்பது கூடையும் வெளியே வந்துவிட்டது. கோர்த்து மாலையாகக் கட்டி மாடிக் கதவில், உன் காகிதம் இருந்த இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.

தொட்டிக்கு எங்கே போவது? கடையில் பட்டன் வருகிற டப்பா எல்லாம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். பெரிய ஊசியைச் சூடு பண்ணிச் சுற்றிலும் ஓட்டை போட்டேன். உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிறது, டி.வி. மாதிரி. மதிய வெயில் அடிக்கிறது என்று மிச்சமிருந்த திரைவலையில் ஜன்னலுக்கு ஒரு மறைப்பும் தைத்துவிட்டேன்.

இப்போது கெட்ட செய்தி. இரண்டு போய்விட்டன. மூன்றாவதில் இலையெல்லாம் உதிர்ந்து, விரல் நீளக் கட்டையும் ஒரே ஒரு வேரும் மிச்சம். ஆறு உயிரோடு இருக்கின்றன. ஆறில் உனக்கு ஐந்து வேண்டும். நான் தையல்காரி, அளவு சொல்லிவிட்டால் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஆனால் துணி குறைந்துபோனால் என்ன செய்வது என்று இப்போதே கவலையாக இருக்கிறது.

இன்னொன்று. மாடியில் உன் நடைச்சத்தம் இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. அதற்காக வந்துவிடு என்று கெஞ்சவில்லை. செய்தி சொல்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா


ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

பட்டன் டப்பா! எனக்குத் தோன்றவே இல்லை. மேசைக்குப் பின்னால் நின்று தனியாகச் சிரித்தேன். சாவி வாங்க வந்த விருந்தாளி தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தக் கட்டையை எறிந்துவிடுங்கள். இலையில்லாத கட்டை பிழைக்காது. ஆறின்மேல் கவனம் வையுங்கள்.

கூடை மாலையைக் கழற்ற வேண்டாம். நான் வந்து பார்க்க வேண்டும்.

மாடி


நவம்பர் 21

மாடிக்காரிக்கு,

அவசரம். மூன்று டப்பாவில், இலைக்கு அடியிலிருந்து புதிதாக ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கிறது. டேப் வைத்து அளந்தேன், அரை இஞ்ச். பச்சையாக இருக்கிறது, மேல்நோக்கிப் போகிறது. குளிர் ஆரம்பித்ததிலிருந்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன், நீ டிரைவரிடம் சொல்லியனுப்பியது போல. இது பூத்தண்டா, இன்னொரு வேரா? உன் புருஷன் பூ என்கிறான். இவர் வேர் என்கிறார். அண்ணனும் தம்பியும் பந்தயம் கட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

கத்திரிக்கோலை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இவரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

அக்கா


நவம்பர் 28

அக்கா,

முனையை உற்றுப் பாருங்கள். உருண்டையாக, வழவழவென்று பளபளத்தால் வேர். கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் மடிப்போடு, உறை போட்ட கட்டைவிரல் மாதிரி இருந்தால் பூத்தண்டு.

உடனே எழுதுங்கள். டிரைவரை நிற்க வைத்து எழுதிக் கொடுங்கள்.

மாடி


நவம்பர் 28, அதே வண்டியில் திரும்பும் பதில்

கட்டைவிரல்! மூன்றும் கட்டைவிரல். இன்னொன்றிலும் வருகிறது. ஆக நான்கு. டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.


பிப்ரவரி 20

மாடிக்காரிக்கு,

நான்கும் பூத்துவிட்டன. இரண்டு வெள்ளை. ஒன்று இளஞ்சிவப்பு. இன்னொன்று மஞ்சளில் கருஞ்சிவப்புப் புள்ளி போட்டது. அந்தப் புள்ளித் துணி கிடைத்தால் எனக்கே ஒரு ரவிக்கை தைத்துக்கொள்வேன். உன் புருஷன் காலையில் டீ டம்ளரோடு அதன் முன்னால் போய் நிற்கிறான். டீ மட்டும்தான், தண்ணீர் இல்லை.

மற்ற இரண்டும் இலை விட்டிருக்கின்றன, வேர் விட்டிருக்கின்றன. பூ மட்டும் இல்லை. தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன்.

மேலாளர் மார்ச் ஒன்பதாம் தேதி வருகிறார் என்று டிரைவர் சொன்னார். நான்கு இருக்கிறது, ஐந்து வேண்டும். ஒரே ஒரு பூவுக்காக நீ அங்கேயே தங்கிவிடுவதா? அந்த வேரையெல்லாம் வெட்டியது இந்தக் கை. நான் வெட்டாமல் இருந்திருந்தால் ஒன்பதும் பூத்திருக்கும். இந்த நினைப்போடு என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். கடைக்குப் போய், எட்டுப் பூ பூத்த ஊதா ஆர்க்கிட் ஒன்று வாங்கிவந்தேன். நாலோடு ஐந்தாக ஜன்னலில் வைத்துவிட்டேன். பட்டன் டப்பாவில் மாற்றினால் பூ வாடிவிடுமோ என்று, அந்த பிளாஸ்டிக் தொட்டியோடே டப்பாவுக்குள் செருகியிருக்கிறேன். அவருக்கு என்ன தெரியப்போகிறது? உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்குச் சொல்லாமல் செய்து ஒருமுறை பட்டுவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க, ஐந்து, ஐந்து என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், சரி என்று எழுதிவிடலாம் என்று பேனாவையும் எடுத்தேன்.

வேண்டாம் அக்கா. எடுத்துவிடுங்கள்.

நான் பெரிய யோக்கியம் என்பதால் இல்லை. ஏப்ரலில் அறுபது தொட்டியை என் கையில் கொடுத்து, பூக்க வை என்பார்கள். அப்போது ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கடைக்கு ஓடுவீர்களா? எனக்கு இந்த வேலை தெரியும். வேர் போன செடியை, நூற்றியிருபது மைல் தள்ளி இருந்துகொண்டு, கடிதத்திலேயே பூக்க வைத்தேன். செய்தது உங்கள் விரல்தான். ஆனால் எந்த விரல் எதை அழுத்த வேண்டும் என்று சொன்னது நான். அது நான்கு என்றால் நான்குதான். அதைக் காட்டி வருகிற வேலை வந்தால் போதும்.

வராவிட்டால் இங்கேயே இருக்கிறேன். அழுவேன். காலையில் கீழேயிருந்து உங்கள் மெஷின் சத்தம் கேட்டால்தான் எனக்கு நாள் ஆரம்பித்த மாதிரி இருக்கும். இங்கே பத்து மாதமாக நாள் ஆரம்பிக்கவே இல்லை. ஆனாலும் வேண்டாம்.

வேரை வெட்டியதைப் பற்றி இனிமேல் எழுதாதீர்கள். அதற்கான கோபம் எனக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. எப்போது என்று தேடிப் பார்த்தேன், கூடை மாலையில்தான்.

மாடி


மார்ச் 12

என் மாடிக்காரிக்கு,

மேலாளர் உனக்கு முறைப்படி எழுதி அனுப்புவார். அதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும் என்று டிரைவரை விரட்டியிருக்கிறேன். அவருடைய அடுத்த மூன்று பேன்ட்டுக்கும் தையல் இலவசம்.

மேலாளர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு நேராகப் போய் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. "பரவாயில்லையே!" என்று திரும்பினார்.

நீ எடு என்று எழுதியும் நான் அந்த ஊதாவை எடுக்கவில்லை. கோபப்படாதே, முழுக்கப் படி.

"நாலுதாங்க அவளோடது. அந்த அஞ்சாவது நான் உங்களை ஏமாத்த வாங்கினேன். அவ வேண்டாம்னுட்டா" என்றேன்.

அவர் ஊதாவை விரலால் காட்டினார். "அப்புறம் ஏம்மா இன்னும் அங்கேயே வெச்சிருக்கீங்க?"

"நீங்க பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னுதான்."

பார்த்தார். கடையிலிருந்து எட்டுப் பூவோடு வந்தது. அன்றைக்கு மூன்றுதான் மிச்சம், இலையெல்லாம் துவண்டிருந்தது. அதே ஜன்னல், அதே வெளிச்சம். பக்கத்தில் உன் நான்கும் ஒரு பூகூட உதிராமல் நிமிர்ந்து நின்றன. டப்பாவுக்குள் பச்சை வேர் சுற்றிச் சுற்றிப் போவது தெரிந்தது. அவர் குனிந்து அந்த வேரைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

நான் விடவில்லை. "இந்த எல்லாச் செடியோட வேரையும் போன ஜூன்ல ஒட்ட வெட்டினது நான்தான். ஓட்டையில்லாத தொட்டியில ஊறப் போட்டதும் நான்தான். அதுக்கப்புறம் அவ வெறும் கடிதத்துலயே நாலைப் பூக்க வெச்சிருக்கா. உங்க ஹோட்டல்ல வேரை வெட்டாம ஒண்ணையாவது யாராவது ரெண்டாவது தடவை பூக்க வெச்சிருக்காங்களா?" என்றேன். இவர் பின்னால் நின்று என் முந்தானையை இழுத்தார். தட்டிவிட்டேன்.

மேலாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார். "அஞ்சுன்னு சொன்னேன், நாலுதான் இருக்கு. அதனால முழுப் பொறுப்பு இப்பவே கிடையாது. ஆறு மாசம் பார்க்கலாம். ஏப்ரல் ஒண்ணாம் தேதி இங்க வந்து சேரச் சொல்லுங்க" என்றார். படியிறங்கும்போது கதவில் தொங்கிய கூடை மாலையைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். "அவ வந்து சொல்லுவா" என்றேன்.

ஆறு மாதம்தானா என்று முகத்தைத் தூக்காதே. நீ வீட்டுக்கு வருகிறாய். உன் புருஷன் மாடியைப் பெருக்க ஆரம்பித்துவிட்டான்.

இன்னும் ஒரு குற்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். எறியச் சொன்னாயே ஒரு கட்டை, அதை நான் எறியவில்லை. ஈரப் பாசியில் வைத்து, பிளாஸ்டிக் பையால் மூடி, என் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் மறைத்து வைத்திருந்தேன். ஏழு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. போன வாரம் அடியிலிருந்து ஒரு இலை வந்திருக்கிறது, என் சுண்டுவிரல் நகம் அளவில். இலையில்லாத கட்டை பிழைக்காது என்று எழுதினாயே, வந்து பார். உனக்கும் எல்லாம் தெரியாது. அது கீழ்வீட்டுச் செடி, மாடிக்குத் தரமாட்டேன்.

ஊதாவில் மிச்சமிருந்த மூன்று பூவும் இன்று காலையில் விழுந்துவிட்டன. உள்ளே அந்தப் பாழாய்ப்போன கூடை நிச்சயம் இருக்கும். தொட்டிக்கு வெளியே நான்கு வேர் நீட்டிக்கொண்டிருக்கிறது, வெள்ளையாக, பார்க்கும்போதெல்லாம் என் கை அரிக்கிறது. பட்டன் டப்பா ஓட்டை போட்டுத் தயார். போர்வையும் துவைத்து வைத்திருக்கிறேன். கத்திரிக்கோலை அலமாரியிலிருந்து எடுத்துச் சாணை பிடித்தாகிவிட்டது. நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை வெட்டுங்க அக்கா" என்று சொல்கிறவரை எதையும் வெட்டமாட்டேன்.

கீழ்வீட்டு அக்கா